வெள்ளிக்கிழமை அணைக்காத அடுப்பு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் ஆரம்பத்தில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். ஐம்பது வருஷம் கழித்து எங்கள் ஊரில் என்ன சத்தம் இருக்கும் என்பதை இப்போதே கேட்டு எழுதி வைக்கிற வேலை. சொன்னதும் எதிரில் இருப்பவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். அதனால் இப்போதெல்லாம் அரசாங்க உத்தியோகம் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

இதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். காது மந்தம் என்று ஒரு மனிதரை ஒப்புக்கொள்ள வைப்பது எத்தனை கஷ்டம் என்பது அங்கே இருந்தால்தான் தெரியும். "எனக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்கு, இவதான் முணுமுணுன்னு பேசுதா" என்று கூட வந்த மனைவியைக் கை காட்டுவார்கள். யாருக்கு எதைக் கேட்கப் பிடிக்காது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. இந்த வேலைக்கு அது ரொம்பவும் தேவைப்பட்டது.

வேம்படித்துறை அனல்மின் நிலையத்தின் மதிலோரம், மாதா கோவிலுக்கும் நிலக்கரிக் குவியலுக்கும் நடுவே, ஒரு சின்ன ஏசி அறை. கடற்கரை அங்கிருந்து முக்கால் மைல். அறைக்குக் கீழே முப்பதடி ஆழத்தில் ஒரு படிகப் பாளத்தைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு அரசாங்கக் காகிதத்தில் இரண்டு வரி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் அதைக் 'காது' என்கிறார்கள்.

அதைக் கட்டியவர் கார்மேகம். மதுரைப் பக்கத்துக்காரர், இயற்பியல் படித்தவர், சட்டைப் பையில் எப்போதும் கடலைமிட்டாய் வைத்திருப்பவர். வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டு விளக்கினார்.

"இந்த இடம் ஐம்பது வருஷம் கழிச்சு எப்படி அதிருமோ, அது இந்தக் கல்லுல இன்னைக்கே லேசா அதிரும். அவ்வளவுதாங்க விஷயம்."

"அப்ப என்ன நடக்கப்போவுதுன்னு தெரிஞ்சிருமா சார்?"

"அதுதான் தெரியாது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வேற ஒரு ஐம்பதாவது வருஷம் வரும். ஒண்ணுல கடல் இங்க வந்து நிக்கும். இன்னொண்ணுல வராது. இன்னைய நிலவரத்துல என்னவெல்லாம் நடக்க வாய்ப்பிருக்கோ, அத்தனையையும் ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டும். இதுதான் நடக்கும்னு அது சொல்லாது."

"நிலவரம் மாறிட்டா?"

"நூத்துல எத்தனைல கடல் வருதுங்கிற எண்ணும் மாறும். அதுக்குத்தான் உங்கள உக்கார வச்சிருக்கோம்."

தினமும் காலையில் நூறு தடவை காதைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றும் நாற்பது விநாடி. அது காட்டும் நூறும் பரவலாகப் பொறுக்கி எடுத்தவை, ஆகவே கணக்கு இஷ்டத்துக்குக் குதிக்காது என்றார் கார்மேகம். கேட்டது தண்ணீரா, தரையா என்று மட்டும் நான் குறிக்க வேண்டும். கம்ப்யூட்டரிடம் விட்டுப் பார்த்தார்களாம், அது பனைமரக் காற்றையும் அலையையும் குழப்பிக்கொண்டது. வேறு என்ன காதில் விழுந்தாலும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். என் கையெழுத்து செண்பகவல்லி மச்சாது. அம்மன் பெயரோடு கிறிஸ்தவப் பெயர் ஒட்டி நிற்பதைப் பார்த்து ஒரு தடவை சிரிக்காத அதிகாரியே கிடையாது.

நான் சேர்ந்தபோது நூற்றில் நாற்பத்து மூன்று தண்ணீர். இரண்டு வருஷமாக அந்த எண் அங்கேயே உட்கார்ந்திருந்தது. தலைநகரில் பெரிய மாநாடு நடந்தது, எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். மறுநாள் நாற்பத்து மூன்று. கோடி மரம் நடும் திட்டம் என்று பத்திரிகையில் முழுப்பக்கம் வந்தது. நாற்பத்து மூன்று. ஒரே ஒரு தடவை, ஒரு பங்குனி மாதத்தில், நாற்பத்திரண்டு ஆனது. ஏன் என்று விசாரித்தபோது, கடற்கரையோரமாக நூறு மைல் தள்ளி ஒரு சிமென்ட் ஆலைக்காரர் தன் பழைய சூளையை யாரிடமும் சொல்லாமல் இடித்துப் போட்டிருந்தது தெரிந்தது. அடுத்த மாதம் வேறு யாரோ புதிதாக ஒன்று கட்டினார்கள், எண் பழையபடி ஆகிவிட்டது. செய்தால்தான் எண் அசையும், பேச்சுக்கு அசையாது. அந்தக் கல்லின் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

திட்டத்தின் செயலாளர் பத்மலோசனி சென்னையிலிருந்து வருவார். கெட்டிக்காரர், ஆனால் கோப்பு பார்த்தே வளர்ந்தவர்.

"நாற்பத்து மூணுன்னா மீதி ஐம்பத்தேழு நல்லாத்தானே இருக்கு? நிச்சயமா தெரியாம எப்படி மேல எழுதறது?" என்று முதலில் கேட்டார்.

"மேடம், ஸ்டாண்டுல நூறு பஸ் நிக்குது. நாப்பத்து மூணு பஸ்ஸுக்கு பிரேக் இல்ல. எதுன்னு தெரியாது. உங்க பிள்ளைய எதுலயாவது ஏத்தி விடுவீங்களா?"

அந்தப் பஸ் அவருக்குள் எங்கேயோ நின்றுவிட்டது போலிருக்கிறது. ஆறு மாதம் மல்லுக்கட்டி மேலிடத்தில் ஒரு உத்தரவு வாங்கி வந்தார். எங்கள் நிலையத்தில் எரிந்துகொண்டிருந்த கடைசிக் கொதிகலன், மூன்றாம் எண், பத்து வருஷம் முன்கூட்டியே மூடப்படும். மறுநாள் காதைத் திறந்து எண்ணிப் பார்ப்பார்கள். எண் இறங்கினால் மாநிலத்தில் மீதியிருக்கும் பதினோரு நிலையங்களையும் அதே மாதிரி முன்கூட்டி மூடுவார்கள். இறங்கவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். முடிவைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. மூன்றாம் கொதிகலனின் ஷிப்ட் பொறுப்பாளர் மிக்கேல் மச்சாது என் கணவர்.

அவர் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கொதிகலனோடு இருக்கிறார், என்னோடு பதினான்கு வருஷம்தான். உத்தரவு வந்த நாளிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்களுக்கு ஒன்பது வயதில் ரொசாலி என்று ஒரு மகள். "ரொசாலி, உங்க அம்மாட்ட ரசம் இருக்கான்னு கேளு" என்பார். ரசச் சட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அவள் என்னைப் பார்த்து, "அம்மா, அப்பா ரசம் இருக்கான்னு கேக்காங்க" என்பாள், தபால்காரி மாதிரி. ஒரு மாதம் இப்படியே ஓடியது.

அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கொதிகலனை நம்பி முந்நூற்று நாற்பது குடும்பம் இருந்தது. மாற்று வேலை உண்டு என்று காகிதத்தில் எழுதியிருந்தது, பக்கத்து மாவட்டத்தில், மின்கலக் கிடங்கில். காகிதத்தை நம்பி யாரும் வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள். உன் பெண்டாட்டி தலையில் ஒரு மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எண்ணியதால்தான் இத்தனையும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அதையெல்லாம் அவர் வீட்டில் வந்து சொன்னதில்லை. மற்றவர்கள் மூலமாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் விழா. பத்மலோசனி பட்டுப்புடவையில் வந்து பொத்தானை அழுத்தினார். நிலக்கரி அரைக்கும் ஆலைகள் நின்றன. மின்சாரம் காட்டும் முள் மெதுவாகச் சாய்ந்து பூஜ்யத்தில் படுத்தது. போட்டோ எடுத்தார்கள். என் கணவர் பின்வரிசையில் நின்றிருந்தார், போட்டோவில் பாதிக் காதுதான் விழுந்திருக்கிறது. அன்று மாலை லாக் புத்தகத்தில் 'முழு நிறுத்தம், காலை 10.05' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் எண்ண ஆரம்பித்தேன். பத்மலோசனியும் கார்மேகமும் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்தே முக்காலுக்கு முடித்தேன்.

நாற்பத்து மூன்று.

"திரும்ப ஒரு தடவை கூட்டிப் பாருங்க" என்றார் பத்மலோசனி. கூட்டினேன். அதேதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அப்போ மூடினாலும் ஒண்ணுதான், மூடாட்டாலும் ஒண்ணுதான். இதைத்தான் நான் எழுதணும் இல்லையா?"

கார்மேகம் கடலைமிட்டாயை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "ஒரு நிலையத்துப் புகை நின்னதால கடல் நின்னுடாதுங்க, அது எனக்கும் தெரியும். ஆனா ஒருத்தன் மூடிக் காட்டிட்டா அடுத்தவனுக்குத் தைரியம் வரும். அந்தத் தைரியத்தையாவது இது காட்டியிருக்கணும். ஏன் காட்டலைன்னு எனக்குப் புரியல."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அப்போதுதான் அது எனக்குக் கேட்டது.

எங்கள் ஊரில் ஒரு உறுமல் உண்டு. முப்பது வருஷமாக இரவும் பகலும் ஓடுகிற கொதிகலன் சத்தம். அதிலேயே பிறந்து அதிலேயே தூங்கியவர்களுக்கு அது சத்தமே இல்லை. கொதிகலனை நிறுத்தினாலும் அதைக் குளிரவைக்கிற விசிறிகள் ஒரு நாளைக்கு மேல் ஓடும், ஆகவே சத்தம் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் விசிறிச் சத்தம் வெறும் காற்றுச் சத்தம். நான் கேட்டதில் காற்றுக்குள்ளே இன்னொன்று இருந்தது, அடித்தொண்டையில் யாரோ கனைப்பதுபோல. நிலக்கரியைப் பற்றவைக்க உதவும் எண்ணெய்ப் பர்னர் எரிந்தால்தான் அந்தச் சத்தம் வரும். கல்யாணமான புதிதில் என்னைக் கூட்டிப்போய், ஆசையாக, ஒவ்வொரு சத்தமாக இனம்பிரித்துச் சொல்லிக்கொடுத்தவர் என் கணவர்தான்.

"மத்தியானம் இன்னொரு தடவ எண்ணுதேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கொதிகலன் மேடையில் தூக்குச் சட்டிகள் வரிசையாகச் சுவரோரம் இருந்தன. சோறு சூடாக இருப்பதற்காக அங்கே வைப்பது வழக்கம். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. பர்னர் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கீழே ஒரு எலுமிச்சம்பழம். எட்டிப் பார்க்கும் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பத்து மாடி உயரத்துக்கு இருட்டாகக் கிடந்த அந்த அறையின் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு இரண்டே இரண்டு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

"ஒரு ஜோடி பர்னர்தான்." என் கணவர் பின்னால் வந்து நின்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு ரொசாலி இல்லாமல் நேராக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"முழு நிறுத்தம்னு எழுதியிருக்கீங்க."

"மில்லு நின்னாச்சு. கரண்டு நின்னாச்சு. ஒரு பொட்டு நெருப்பு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை எப்படி வல்லி அடுப்ப அணைக்கது? முப்பது வருஷ லாக் புத்தகத்த எடுத்துப் பாரு. தானா டிரிப் ஆகி நின்னத விட்டா, ஒரு வெள்ளிக்கிழமையாவது நாங்களா நிறுத்தியிருக்கமா? டியூப் லீக்கானாக்கூட சனிக்கிழமை வரைக்கும் ஓட்டிக் கொண்டுபோய்த்தான் நிறுத்துவோம்."

"நீங்க வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போறவர்."

"நான் வேதக்காரன்தான். பாய்லர் வேதக்காரன் இல்லையே."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். "சரி. இன்னைக்கிச் சனி. இன்னும் எரியுதே."

அவர் தலையைச் சொறிந்தார். "சனிக்கிழமை வேண்டாம்னு ஆளுக சொல்லுதாங்க. முப்பது வருஷம் சோறு போட்டது, சனியனாட்டம் எதுக்கு அனுப்பணும்னு."

"அப்ப நாளைக்கா?"

"நாளைக்கு ஆண்டவர் நாள். பூசை இருக்கு."

"திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை அரசாங்கத்துல மனசு மாறினாலும் மாறும்" என்றார், மெதுவாக. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரமும் பாவமும் ஒன்றாக வந்தன. "ஒவ்வொரு நாளைக்கும் ஒரு காரணம் வச்சிருக்கீங்க. இருபது வருஷமா எல்லா நாட்டுக்காரனும் இதத்தான் செய்யுதான். அடுத்த ரிப்போர்ட் வரட்டும், அடுத்த தேர்தல் முடியட்டும்னு. அவன் கோட்டு போட்டுட்டுச் சொல்லுதான், நீங்க காக்கி போட்டுட்டுச் சொல்லுதிய. சூடா இருக்குத அடுப்ப யாரும் விட்டுட்டுப் போக மாட்டாங்க. திரும்பப் பத்தவைக்கத்தான் பாப்பாங்க. அதனாலதான் இன்னைக்கும் நாப்பத்து மூணு."

"நாப்பத்து மூணா?" அவருக்கு அது தெரியாது. "இறங்கலையா?"

"எப்படி இறங்கும்? நீங்க மூடவே இல்லையே. அஞ்சு மணிக்கு அந்தம்மா பிரயோஜனமில்லன்னு எழுதி அனுப்பப்போறாங்க. பதினோரு நிலையமும் எரியும்."

"முந்நூத்தி நாப்பது பேரு என் முகத்தப் பாக்காங்க வல்லி. அதுல பாதிப்பேரு நான் கைபிடிச்சுக் கூட்டிட்டு வந்தவங்க. உன் நாப்பத்து மூணு யாரு முகத்தப் பாக்குது?"

அதற்கு எனக்குப் பதில் இருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பதில். ஒரு வருஷமாக அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"தண்ணி இல்லாத ஐம்பத்தேழுல என்ன கேக்கும்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல" என்றேன். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. சைக்கிள் பெல்லு, பாத்திரம் கழுவுத சத்தம், யாரோ யாரையோ திட்டுதது. போன வருஷம் ஒண்ணு வந்துச்சு. மாதா கோவில் திருவிழா போல. 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ திரீ'ன்னு ஆரம்பிச்சுது. ஐம்பது வருஷம் ஆகியும் அத விடல."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆவணித் திருவிழாவில் இருபது வருஷமாக மைக் பிடிப்பவர் அவர்தான்.

"பேசினது ஒரு பொம்பள. வயசு அறுபதுக்குப் பக்கத்துல இருக்கும். 'காணாமப் போன பிள்ளைங்க மேடைக்கு வாங்க. பிள்ளைங்களத் தேடி அம்மாவும் அப்பாவும் காணாமப் போயிருந்தா அவங்களும் வாங்க'ன்னு சொல்லிச்சு."

அவர் அசையாமல் நின்றார். அது அவருடைய வசனம். வருஷா வருஷம் சொல்வார், ஊரில் யாரும் சிரித்ததில்லை. சொல்லி முடிப்பதற்குள் அவரே மைக்கில் சிரித்துவிடுவார்.

"சொல்லி முடிக்கதுக்குள்ள அதுவே சிரிச்சிட்டு" என்றேன். "அந்தச் சிரிப்பு யாருதுன்னு எனக்குத் தெரியாதா? நான் பெத்தவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொதிகலன் மேடையில் ஆட்கள் பார்க்கிறார்களே என்று துடைத்துக்கொண்டேன். "அது ஐம்பத்தேழுல ஒண்ணு. நாப்பத்து மூணுல அவ குரல் எங்கயும் இல்ல. தண்ணிதான் இருக்கு. நான் உங்களக் காட்டிக்குடுக்க மாட்டேன். என்னால ஆகாது. உங்க இஷ்டம்."

நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

சொன்னபடியே செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பத்மலோசனி, "எங்கே போனீங்க?" என்று கேட்டபோது, "தலைவலி மேடம், டீ குடிக்கப் போனேன்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அரை மணியில் எல்லாம் முடிந்திருக்கும். என் கணவருக்கு வேலையும் பெயரும் போயிருக்கும். ஊருக்காக, உலகத்துக்காக என்றெல்லாம் இரண்டு வருஷம் எண்ணியவளுக்கு அந்த ஒரு வாக்கியம் தொண்டையைத் தாண்டி வரவில்லை. என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. ஐந்து மணி அடித்தாலும் நான் வாயைத் திறக்கப்போவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பன்னிரண்டே காலுக்கு மறுபடி ஹெட்போனை மாட்டினேன். பத்மலோசனி மடியில் கணினியை வைத்து அறிக்கையை எழுத ஆரம்பித்திருந்தார். முதல் பத்தில் இரண்டுதான் தண்ணீர். அதிசயமில்லை, அப்படி வருவதுண்டு. இருபதில் ஆறு. முப்பதில் ஒன்பது. கார்மேகம் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எழுபதில் இருபத்திரண்டு. அவர் சட்டைப் பையிலிருந்து கடலைமிட்டாய் முழுவதையும் எடுத்து மேஜைமேல் கொட்டினார், ஏனென்று அவருக்கும் தெரிந்திருக்காது.

மூன்று மணிக்கு முடித்தேன். முப்பத்தொன்று.

"எப்படி?" என்று பத்மலோசனி கேட்டார். "காலையிலேர்ந்து இப்போ வரைக்கும் என்ன மாறிச்சு?"

கார்மேகம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினேன். அந்தக் கனைப்பு இன்னும் இருந்தது. நெருப்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஐம்பது வருஷத்தை முன்கூட்டிக் கேட்கிற கல்லுக்கு, ஒருவர் இனிமேல் நிச்சயமாகச் செய்யப்போவதும் செய்த மாதிரிதான். நான் பேசப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். மீதி ஒரே ஒரு ஆள்தான்.

"கொஞ்சம் பொறுங்க மேடம்" என்றேன். "யாராவது வந்து சொல்லுவாங்க."

நாலே கால் மணிக்கு அவர் வந்தார். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் லாக் புத்தகம். என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பத்மலோசனியின் முன் விரித்து வைத்தார். 'முழு நிறுத்தம்' என்பதன் மேல் ஒரு கோடு கிழித்து, கீழே எழுதியிருந்தார்: 'தவறு. வெள்ளி காலை 10.05 முதல் ஒரு ஜோடி எண்ணெய்ப் பர்னர் எரிகிறது. பொறுப்பு என்னுடையது. ஆட்கள் யாருக்கும் சம்பந்தமில்லை. மி. மச்சாது.'

பத்மலோசனி இரண்டு தடவை படித்தார். "எதுக்காக?"

"வெள்ளிக்கிழமை மேடம். நாங்க வெள்ளிக்கிழமை அணைக்க மாட்டோம்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அந்தத் தேதியைக் குறிச்சதே நான்தான்" என்றார். "மேலிடத்துல வியாழக்கிழமைன்னாங்க. நல்ல காரியம், வெள்ளிக்கிழமையா இருக்கட்டும்னு நான்தான் மாத்தினேன்."

கார்மேகம் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கு மெமோ கொடுத்தாகணும் மச்சாது."

"குடுங்க மேடம். ஆனா மாத்து வேலைய வாயால சொன்னாப் பத்தாது. என் ஆளுக பேரு போட்டு, என்னைக்கிச் சேரணும்னு தேதி போட்டு ஒவ்வொருத்தன் கையிலயும் குடுங்க. அதுக்கப்புறம் என்ன எங்க வேணும்னாலும் அனுப்புங்க."

"தேதி வெள்ளிக்கிழமையா இருந்தா பரவாயில்லையா?" என்று கேட்டார் பத்மலோசனி. அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பேர் போட்ட உத்தரவு திங்கட்கிழமைக்குள் வரும் என்று சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அறிக்கையிலேயே அதை எழுதினார், எங்கள் கண் முன்னால். காலைக் கணக்கு, மத்தியானக் கணக்கு, எரிந்த பர்னர், எதையும் மறைக்கவில்லை. ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார்.

அதன் பிறகு நாங்கள் எல்லோரும் கொதிகலன் மேடைக்குப் போனோம். ஷிப்டில் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பற்றவைக்கும்போது செய்வதற்குச் சூடம், தேங்காய், பூசணிக்காய் என்று ஒரு முறை இருக்கிறது. அணைப்பதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் குங்குமம் வைத்தார். ஒருவர் எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் கணவர் சிலுவை போட்டுக்கொண்டு, இரும்புக் கதவை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, எண்ணெய் வால்வை மூடினார். விசிறிகளையும் கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார்கள்.

நாங்கள் வீட்டுக்கு நடந்து போகையில் தெருவில் ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். என்னவோ சத்தம் கேட்கிறதே, என்ன சத்தம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடல்தான். முக்கால் மைல் தள்ளி, அதன் இடத்தில் அது அடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக அந்தத் தெருவுக்கு அது கேட்டதே இல்லை.

"எத்தன வந்துச்சு?" என்று கேட்டார் என் கணவர்.

"முப்பத்தொண்ணு."

"இன்னும் முப்பத்தொண்ணு இருக்கே."

"இருக்கு. இன்னும் பதினோரு நிலையமும் இருக்கு."

அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நீ போனப்பொறமும் எனக்கு மனசே வரல வல்லி. ரெண்டு மணிக்குக்கூட வேண்டாம்னுதான் இருந்தேன். நாலு மணிக்கு லாக் புத்தகத்தத் தொறந்தேன் பாரு, அப்பதான் முடிவு பண்ணுனேன்."

மூன்று மணிக்கே முப்பத்தொன்று வந்துவிட்டது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் முடிவெடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எனக்குத் தெரிந்துவிடுவது பதினான்கு வருஷத்தில் இது முதல் தடவையும் இல்லை.

வாசலில் ரொசாலி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அப்பா, அம்மாட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் அவர். "நானே கேட்டுக்கிடுதேன்."